கடல் தாண்டும் கோர்ட் காப்பி

தமிழ்நாட்டில் நகல் மனு போட்டு வாங்கிய விவாகரத்துத் தீர்ப்பாணை ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் சில தேதிகள் வரிசையாக இருக்கும்: மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டணம் செலுத்திய நாள், நகல் தயாரான நாள், நகலைக் கையில் கொடுத்த நாள். நகலுக்காகக் காத்திருந்த நாட்களை மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் சொல்வதால் வந்த கணக்கு இது. கூடவே நகலை ஒப்பிட்டுப் பார்த்ததற்கான குறிப்பு, உண்மை நகல் என்ற வாசகம், அதிகாரியின் கையெழுத்து, நீதிமன்ற முத்திரை. உள்ளூரில் இந்தத் தாளுக்கு வேறு துணை தேவையில்லை. எந்த நீதிமன்றத்திலும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அதே தாள் வெளிநாட்டில் மறுமணப் பதிவுக்கோ சொத்து மாற்றத்துக்கோ போக வேண்டும் என்றவுடன் கதை மாறுகிறது. மாநில அரசின் மேலொப்பம், டெல்லியின் மேலொப்பம், சில நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தின் மேலொப்பம் என்று தாளின் முதுகு நிறைந்துபோகிறது. இத்தனை முத்திரைகளில் ஒன்றுகூடத் தீர்ப்பு சரியானது என்று சொல்வதில்லை. தனக்கு முந்திய கையெழுத்து இன்ன பதவியில் இருக்கும் இன்னாருடையது என்பதோடு ஒவ்வொன்றும் நிறுத்திக்கொள்கிறது. இந்த வழக்கத்தின் பழைய கதையைப் பார்த்தால், வெளியூர் ஆவணத்தை மக்கள் நம்பியதற்குக் காரணம் சந்தேகம் வந்தபோது திரும்பக் கேட்க ஓர் ஆளோ ஓர் ஏடோ இருந்ததுதான் என்று தோன்றுகிறது. கேட்க இடம் இல்லாத காலங்களில் முத்திரைகள் பெருகின. பெருகியதால் உண்மை கூடியதா என்றால், இல்லை.

யூதர்களின் மிஷ்னா கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. மணவிலக்குச் சீட்டு பற்றிய அதன் பகுதி, கடல் கடந்து வரும் சீட்டைப் பற்றித்தான் முதலில் பேசுகிறது. அப்படி ஒரு சீட்டைக் கொண்டுவருபவர், இது என் கண்முன் எழுதப்பட்டது, என் கண்முன் கையெழுத்தானது என்று வாயால் சொல்ல வேண்டும். சீட்டில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தாலும், அந்தச் சாட்சிகளை இங்கே யாருக்கும் தெரியாது. ஆகவே சீட்டோடு ஓர் ஆள் வர வேண்டும். இஸ்லாமிய நீதிமுறையும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. ஓர் ஊர்க் காஜி இன்னோர் ஊர்க் காஜிக்கு எழுதும் கடிதத்தைப் பற்றி ஹனஃபி நூலான ஹிதாயாவில் தனி அதிகாரமே உண்டு. 1791இல் சார்லஸ் ஹாமில்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்கள் புழங்கிய நூல் அது. கடிதத்தில் காஜியின் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அதை எழுதும்போது உடனிருந்த இரண்டு சாட்சிகள் கடிதத்தோடு வந்து சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. எழுத்து எழுத்தைப் போலவே இருக்கும், முத்திரை முத்திரையைப் போலவே இருக்கும் என்ற எச்சரிக்கை அந்தச் சட்ட அறிஞர்களுக்கு இருந்தது.

தமிழில் இதற்கு நிகரான காட்சி பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இருக்கிறது. புராணத்தை வரலாற்று ஆவணமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சோழர் கால ஊரவை ஒன்று ஓலையை எப்படிச் சோதிக்கும் என்பதை அறியாத ஒருவர் தடுத்தாட்கொண்ட புராணத்தை அப்படி எழுதியிருக்க முடியாது. கிழவராக வந்த சிவன், பாட்டனார் எழுதித் தந்த அடிமைச் சீட்டு என்று காட்டிய ஆளோலையை மணமகனான சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். வழக்கு அந்த ஊர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் எதைக் கொண்டு நிரூபிப்பாய் என்று கேட்கிறார்கள். ஆவணம் வருகிறது. அதைக் கரணத்தான் படிக்கிறான். அதோடு அவை திருப்தி அடைந்துவிடவில்லை. எழுதியதாகச் சொல்லப்படும் பாட்டனாரின் வேறோர் எழுத்தைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பு நோக்கிய பிறகுதான் தீர்ப்பு. கவனிக்க வேண்டியது அந்தக் காப்பு. ஊரில் பழைய ஓலைகள் பத்திரமாக இருந்ததால் ஒப்பிட முடிந்தது. ஒப்பிட ஒன்றுமில்லாத தொலைவூருக்கு இதே வழக்கு போயிருந்தால் அந்த அவை என்ன செய்திருக்கும்?

அந்தச் சிக்கலில்தான் ஆங்கிலேயப் பொதுச் சட்டம் பல நூற்றாண்டுகள் மாட்டிக்கொண்டு கிடந்தது. வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கொண்டுவந்தால், அதிலுள்ள முத்திரை உண்மையில் அந்த நீதிமன்றத்தின் முத்திரைதான் என்பதற்குத் தனிச் சாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். அதே மரபில் வளர்ந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் 1804இல் ஒரு கப்பல் காப்பீட்டு வழக்கு வந்தது. பிரேசில் கரையோரம் போர்த்துகீசியர் பிடித்துவைத்த கப்பல். சட்டவிரோத வணிகத்துக்காகப் பிடிபட்டால் இழப்பீடு இல்லை என்பது ஒப்பந்தம். காப்பீடு தந்தவர், போர்ச்சுகல் அரசாணைகளையும் அங்கே வழங்கப்பட்ட தீர்ப்பையும் நகலெடுத்து, லிஸ்பனில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதரின் சான்றோடு தாக்கல் செய்தார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதை ஏற்கவில்லை. அந்நியத் தீர்ப்பை மூன்று விதமாகத்தான் மெய்ப்பிக்கலாம் என்றார்: அந்நாட்டின் பெருமுத்திரை பெற்ற படி, ஒப்பிட்டுப் பார்த்தவர் சாட்சியத்தோடு வரும் நகல், அல்லது சட்டப்படி அதிகாரம் பெற்ற அலுவலரின் சான்று. மூன்றாவதில் அந்தச் சான்றையே வேறொன்றால் மெய்ப்பிக்க வேண்டும். துணைத்தூதருக்கு இப்படிச் சான்று தரும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் தரவில்லை என்பதால் அவர் கையெழுத்து வீணாயிற்று. சான்றுக்குச் சான்று, அதற்கும் ஒரு சான்று என்று போய்க்கொண்டே இருக்கும் இந்தப் படிக்கட்டு எங்கே முடிய வேண்டும் என்பதை முத்திரைகளால் தீர்மானிக்க முடியாது. யாராவது ஓரிடத்தில் நின்று, இதற்கு மேல் கேட்கமாட்டோம் என்று சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1851இல் அப்படிச் சொன்னது. அந்த ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் ஏழாம் பிரிவு, வெளிநாட்டு அல்லது காலனி நீதிமன்றத் தீர்ப்பின் நகலில் அந்த நீதிமன்றத்தின் முத்திரை காணப்பட்டாலே போதும், முத்திரை மெய்யா என்று தனியாக நிரூபிக்க வேண்டாம் என்றது. முத்திரையே இல்லாத நீதிமன்றம் என்றால், எங்களிடம் முத்திரை இல்லை என்று நீதிபதி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அதற்கு முந்திய ஆண்டில் முத்திரை குத்தும் தொழிலில் ஏதாவது புதுமை வந்துவிட்டதா? ஒன்றுமில்லை. காலனிகள் பெருகிவிட்டன, வணிக வழக்குகள் பெருகிவிட்டன, ஒவ்வொரு நகலுக்கும் சாட்சியைக் கப்பலேற்றிக் கொண்டுவருவது கட்டுப்படியாகவில்லை. ஆகவே நம்புவது என்று முடிவெடுத்தார்கள். எதிராளிக்கு ஐயம் இருந்தால் அவரே பொய்யென்று நிரூபிக்கட்டும் என்று பாரத்தை மாற்றிவைத்தார்கள். 1892இன் காலனி புரொபேட் சட்டம் இன்னும் ஒரு படி போனது. அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்ட காலனியின் நீதிமன்றம் உயிலுக்குத் தந்த புரொபேட்டில் லண்டன் நீதிமன்றம் தன் முத்திரையையும் குத்திவிட்டால், அது அங்கேயே வழங்கியதற்குச் சமம். பேரரசுக்குள் எல்லா நீதிமன்றங்களும் கடைசியில் ஒரே இடத்துக்குப் பதில் சொல்பவை என்பதால் இது சாத்தியமாயிற்று. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நகரத்தார் தங்கள் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்த பவர் பத்திரங்கள் கடல் கடந்து செல்லுபடியானதற்குப் பின்னணியும் அதுதான். எல்லாத் துறைமுகத்திலும் ஒரே பேரரசின் ஆட்சி.

1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டம் இந்த மனப்பான்மையில் பிறந்தது. நீதிமன்றப் பதிவேடுகள் பொது ஆவணங்கள். அவற்றைப் பார்வையிட உரிமை உள்ளவர் கேட்டால், பாதுகாத்து வைத்திருக்கும் அலுவலர் கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் தர வேண்டும். நகலின் அடியில் உண்மை நகல் என்று எழுதி, தேதி, பெயர், பதவி போட்டுக் கையெழுத்திட வேண்டும். 76ஆம் பிரிவின் இந்த வாசகம்தான் நம் நகல் பிரிவுகளில் இன்றுவரை பயன்படும் முத்திரை வாசகத்தின் தாய். இங்கே நம்பிக்கை யாரிடம் வைக்கப்படுகிறது என்று பாருங்கள்: மூலத்தைக் கையில் வைத்திருப்பவரிடம். அவரைக் கேட்டால் மூலத்தைக் காட்டுவார். வெளிநாட்டு நீதிமன்றப் பதிவேட்டுக்கு மட்டும் 86ஆம் பிரிவு வேறு பேசியது. அந்நாட்டில் இப்படித்தான் வழக்கமாக நகலுக்குச் சான்றிடுவார்கள் என்று நம் அரசின் பிரதிநிதி சொன்னால், அந்த நகலை மெய்யென்று நீதிமன்றம் கொள்ளலாம். கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது, கொள்ள வேண்டும் என்று இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் தூதரக அலுவலர்களுக்கு நோட்டரி வேலை செய்யும் அதிகாரம் தரும் சட்டமும், 1952இல் நோட்டரிகள் சட்டமும் வந்தன. அதற்கு முன் இந்தியாவில் நோட்டரிகளுக்கு முழு அதிகாரம் கேன்டர்பரி பேராயரின் அலுவலகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது; எட்டாம் ஹென்றி 1533இல் போப்பிடமிருந்து பிடுங்கிப் பேராயருக்குக் கொடுத்த உரிமை அது. மதராஸ் வணிகர் ஒருவரின் கையெழுத்துக்கு மதிப்பு ஒரு கிறிஸ்தவப் பேராயர் வழியாக வந்தது வேடிக்கைதான். அதை வேடிக்கையாக யாரும் அப்போது நினைக்கவில்லை, ஏனென்றால் லண்டனில் அந்த அலுவலகத்தின் ஏட்டைப் புரட்டினால் பெயர் இருக்கும்.

ஒரே பேரரசுக்குள் இல்லாத நாடுகளுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே தூதரகப் படிக்கட்டுதான். கீழ் நீதிமன்ற அலுவலரின் கையெழுத்தை மேல் நீதிமன்றமோ மாநிலமோ உறுதி செய்ய, அதை அயலுறவு அமைச்சகம் உறுதி செய்ய, அமைச்சகத்தின் கையெழுத்தைப் போகவேண்டிய நாட்டின் தூதரகம் உறுதி செய்ய, அங்கே போனபின் அந்நாட்டு அமைச்சகம் தன் தூதரகத்தின் கையெழுத்தை உறுதி செய்யும். 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் முடிவான உடன்படிக்கை இந்தப் படிக்கட்டை இடித்து ஒரே படியாக்கியது. 1965 ஜனவரி 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆவணம் பிறந்த நாட்டில் நியமிக்கப்பட்ட ஓர் அதிகாரி, ஒரு பக்கம் குறைந்தது 9 சென்டிமீட்டர் உள்ள சதுரச் சான்று ஒன்றை ஒட்டுவார். தலைப்பு பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும். கீழே எண்ணிட்ட 10 விவரங்கள்: எந்த நாடு, யார் கையெழுத்திட்டது, எந்தப் பதவியில், யாருடைய முத்திரை, எங்கே, எப்போது, யாரால், எந்த எண்ணில், பிறகு முத்திரையும் கையெழுத்தும். இதுதான் அப்போஸ்டில். இந்த அப்போஸ்டிலின் கையெழுத்தை யாரும் மேற்கொண்டு உறுதி செய்யக் கேட்கக் கூடாது என்று உடன்படிக்கை சொல்லிவிட்டது. நீதிமன்றத்தோடு தொடர்புள்ள அலுவலர் தரும் ஆவணங்களைத்தான் அதன் முதல் பிரிவு முதலாவதாகக் குறிப்பிடுகிறது. ஆனால் எல்லோரும் பேசுவது சதுரத்தைப் பற்றி. எனக்கு முக்கியமாகப் படுவது ஏழாம் பிரிவு. அப்போஸ்டில் தரும் ஒவ்வோர் அதிகாரியும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், அக்கறையுள்ள எவர் கேட்டாலும் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். திருவெண்ணெய்நல்லூரின் காப்பு இங்கே திரும்ப வருகிறது. 2006இல் தொடங்கிய மின் அப்போஸ்டில் திட்டம் அதே ஏட்டை இணையத்தில் வைத்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. போலி ஆவணங்கள் மலிந்த நாட்டில் படிக்கட்டு நீளமாக இருப்பதே பாதுகாப்பு. ஒருவர் கண்ணில் தப்பினால் அடுத்தவர் பிடிப்பார் என்பார்கள். படிக்கட்டில் உள்ள எல்லோரும் ஆவணத்தைப் பார்த்தால் இது சரி. நடப்பில் ஒவ்வொருவரும் பார்ப்பது தனக்குக் கீழே உள்ளவரின் மாதிரிக் கையெழுத்தை மட்டும். நோட்டரி வழியாகப் போகும் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாணையின் ஜெராக்ஸ் பிரதியில் நோட்டரி ஒப்பமிடுகிறார். மாநில அரசு நோட்டரியின் ஒப்பத்தை உறுதி செய்கிறது. டெல்லி மாநில அலுவலரின் ஒப்பத்தை உறுதி செய்கிறது. மேலே ஏற ஏற ஆவணத்திலிருந்து தூரம் கூடுகிறது. அடியில் இருப்பது பொய்த் தீர்ப்பாணை என்றாலும், மேலே ஒட்டியுள்ள அப்போஸ்டில் அசலாகவே இருக்கலாம். அது பொய் சொல்லவும் இல்லை, ஏனென்றால் தீர்ப்பாணையைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. இந்தக் குழப்பத்தில் பிழைக்கும் ஏஜென்சிகள் ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு விலை வைத்திருக்கின்றன. அசல் அப்போஸ்டிலுக்கு அரசு வாங்குவது 50 ரூபாய்.

உடன்படிக்கையை எழுதியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் 12ஆம் பிரிவில் ஒரு வாசல் வைத்தார்கள்: புதிதாகச் சேரும் நாட்டை ஏற்கெனவே இருக்கும் நாடு மறுக்கலாம், மறுத்தால் அவ்விரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை செல்லாது. இந்தியா 2004 அக்டோபர் 26 அன்று இணைந்து, 2005 ஜூலை 14 முதல் உறுப்பு நாடானபோது, ஜெர்மனி உட்படச் சில ஐரோப்பிய நாடுகள் மறுப்புத் தெரிவித்தன. சில பிறகு விலக்கிக்கொண்டன, ஜெர்மனி விலக்கிக்கொள்ளவில்லை. அது இந்திய ஆவணங்களைச் சோதிக்கும் விதம் என் வாதத்துக்கு உதவுகிறது. இன்னொரு முத்திரையை அது கேட்பதில்லை. ஐயம் இருந்தால் தூதரகம் ஆவணம் பிறந்த அலுவலகத்துக்கே ஆளனுப்பி விசாரிக்கச் செய்கிறது. அவமதிப்பாக நமக்குப் படலாம், காலமும் பணமும் விண்ணப்பதாரரின் தலையில் விழுகின்றன, அதில் நியாயம் குறைவு. ஆயினும் முறை என்று பார்த்தால், மிஷ்னா காலத்து முறை இதுதான்: தெரிந்தவரைப் போய்க் கேட்பது. நம்பாத நாடு முத்திரையை நீட்டிக்கொண்டே போவதைவிட இது நேர்மையானது.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். தாளின் மெய்ம்மை பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு, தீர்ப்பை அந்த நாடு ஏற்றால் போதாதா என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதை 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று அழகாகப் பிரித்துக் காட்டியது. திருப்பதியில் திருமணம் செய்துகொண்ட கணவர் அமெரிக்காவின் மிசௌரி மாநில நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கி, மறுமணம் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார மண வழக்குத் தொடர்ந்தார். கணவர் தரப்பு அமெரிக்கத் தீர்ப்பாணையின் ஒளிநகலைக் காட்டியது. ஒளிநகல் என்பதற்காக அது தள்ளுபடி ஆகாது, 86ஆம் பிரிவு கேட்கும் இந்தியப் பிரதிநிதியின் சான்று இல்லாததால்தான் அதை ஏற்க முடியாது என்றது நீதிமன்றம். அதோடு நிற்காமல், சான்று இருந்திருந்தாலும் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றும் காரணம் காட்டியது: எந்தச் சட்டப்படி மணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் ஏற்கும் காரணமும் வேண்டும். தாள் மெய்யா என்பது ஒரு கேள்வி, தீர்ப்பு கட்டுப்படுத்துமா என்பது அடுத்த கேள்வி. மாறாகவும் நடக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தின் குறிப்பிட்ட நீதிமன்றத் தீர்ப்பாணைகளை நம் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம் என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. அப்போது அமீரகம் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லை. தீர்ப்பை ஏற்கும் நாடு தாளை நம்பவில்லை, தாளை நம்பும் நாடு தீர்ப்பை ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

உடன்படிக்கையில் இப்போது 120க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலும், சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும், சீனா 2023 நவம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் நடைமுறைக்குள் வந்தன. தமிழர்கள் அதிகம் வாழும் இடங்களுக்கு நீதிமன்ற நகல் கொண்டுபோவது ஓரளவு எளிதாகிவிட்டது. இதைவிடப் பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நீதிமன்றங்களுக்குள்ளேயே நடந்தது. மாவட்ட நீதிமன்ற வழக்கு ஒவ்வொன்றுக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சிஎன்ஆர் அடையாளம் தரப்படுகிறது. அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் வழக்கு முடிந்ததா, எப்போது முடிந்தது என்று டொராண்டோவில் இருக்கும் பதிவாளரும் பார்த்துக்கொள்ளலாம். எல்லா வகை வழக்கின் விவரமும் அப்படித் திறந்து கிடக்காது, கிடக்கவும் கூடாது. குடும்ப வழக்குகளில் மறைக்க வேண்டியவை உண்டு. ஆனாலும் மூலம் இருக்கும் இடத்தையே நேரே கேட்கும் வழி திறந்துவிட்டது. நம் சட்டப் புத்தகம் அவ்வளவு தூரம் வரவில்லை. 2024 ஜூலை 1ஆம் தேதி 1872இன் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம், வெளிநாட்டு நீதிமன்ற நகல்களுக்கு அந்தப் பழைய வாசகத்தையே ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்நாட்டு வழக்கம் இதுவே என்று மத்திய அரசின் பிரதிநிதி சொல்ல வேண்டும் என்கிறது. இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்து 19 ஆண்டுகள் ஆன பிறகும் அப்போஸ்டில் என்ற பெயரோ, பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்யலாம் என்ற வழியோ அதில் இல்லை. கோவைத் தீர்ப்பாணை சிங்கப்பூருக்கு ஒரே சதுரத்தோடு போகிறது. சிங்கப்பூர்த் தீர்ப்பாணை கோவைக்கு வந்தால், சாட்சியச் சட்டம் ஸ்டீஃபன் காலத்துக் கேள்வியைத்தான் இன்னும் கேட்கிறது.